ஓ.டி.யில் சிமிட்டிய ஓ.டி.!

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, 'ஓ.டி. என்றால் என்ன?' என்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். வெற்றிலை போடுகிற பெரியவர் 'ஓல்ட் டவுன்' என்பார். எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து டிபன் பாக்ஸோடு வருகிறவர், 'ஓவர்டைம் ஸார், வேற என்ன?' என்பார். என்னைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வேன். ஓவர்டிரைவ்!

இங்கிலீஷில் எழுத்து வேறு. தமிழில் எல்லாமே ஒரே ஓ.டி.தான். 1995-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே ஓ.டி.யில், ஒரு ஜப்பான் காரின் டேஷ்போர்டில் 'ஓ.டி. ஆஃப்' என்று ஒரு மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. ஒரு குடும்பத்தையே நடுரோட்டில் இறக்கிவிட்டது.

கார் என்னுடையதில்லை. அப்போது என் சம்பளம் மூவாயிரத்து இருநூறு. அதில் காரின் டயரைத் தொட்டுப் பார்க்கலாம். கார் மாமாவுடையது. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வெல்டிங் செய்தவர். ஊர் திரும்பும்போது தங்கம், டி.வி. எதுவும் வேண்டாமென்று ஒரு ஆட்டோமேட்டிக் காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். காரின் விலையைவிட அதற்குக் கட்டிய கஸ்டம்ஸ் டியூட்டி அதிகம். "இருபத்திரண்டு வருஷ வெயில் மாப்ளே, இப்ப ஏ.சி.யா மாறி நிக்குது" என்பார்.

பூந்தமல்லியில் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. மாமாவுக்குக் காய்ச்சல். சாவியை என்னிடம் கொடுத்து, கால் மணி நேரம் உபதேசம் செய்தார்.

"இடது காலை மடிச்சு வச்சுக்க. அதுக்கு இன்னிக்கு லீவு. கிளட்ச் கிடையாது. பி-ன்னா நிறுத்தறது, ஆர்-னா ரிவர்ஸ், என்-னா சும்மா, டி-ன்னா ஓட்டறது. மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்."

அது பார்த்துக்கொண்ட அழகைத்தான் சொல்ல வருகிறேன்.

அண்ணாநகரிலிருந்து பாடி வழியாக எம்.டி.எச். ரோடு. இன்று சி.டி.எச். ரோடு. மெட்ராஸ் சென்னையானபோது ரோடும் இனிஷியலை மாற்றிக்கொண்டது. பாடி மேம்பாலமெல்லாம் அப்போது கிடையாது. அந்தச் சாலையில் காரில் போவது என்பது, கார்களின் பிரசவ ஆஸ்பத்திரி வழியாகப் போகிற மாதிரி. லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று டைனமோவுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. 1966-ல் பாடியில் ஆரம்பித்த சுந்தரம் பாஸனர்ஸ் கம்பெனி, தொண்ணூறுகளில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. அமெரிக்கக் கார் தலையில் நம்மூர்த் தொப்பி!

அப்புறம் டயருக்கு டன்லப். சைக்கிளுக்கு டி.ஐ. சைக்கிள்ஸ். பக்கத்தில், அறுபதுகளில் அரசாங்கம் உண்டாக்கிய எஸ்டேட். அங்கே ஒற்றை லேத் மெஷினை வைத்துக்கொண்டு ஓனரே பியூனாகவும் இருந்த ஷெட்டுகள் நூற்றுக்கணக்கில். கார் ரிப்பேர் ஆவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இந்தியாவிலேயே கிடையாது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஓ.டி.யில் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு, திருமுல்லைவாயில் கோயிலில் ஒரு அர்ச்சனை, அங்கிருந்து ஆவடி, பூந்தமல்லி. இதுதான் திட்டம். பின் சீட்டில் அப்பா, அம்மா. பெரியம்மா ஏறினாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கார், திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் போகிற என்னைப்போலவே நகர்ந்தது. இன்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. 'ஓ.டி. ஆஃப்' விளக்கு மினுக் மினுக் என்றது.

ஓவர்டிரைவ் என்பது நாலாவது கியர். நீண்ட சாலையில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க. வேண்டாமென்றால் லிவரில் உள்ள பட்டனை அழுத்தி நிறுத்தலாம். அப்போது அந்த விளக்கு நிலையாக எரியும். அது சாதாரணம். ஆனால் விளக்கு சிமிட்டினால் விஷயமே வேறு. கியரைக் கவனிக்கிற கம்ப்யூட்டர், 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்கிறது. நிலையாக எரிந்தால் பட்டன், சிமிட்டினால் புகார். இந்த ஒரு வரி வித்தியாசம் எனக்கு அன்று தெரியாது. பட்டனை நாலு தரம் அமுக்கினேன். பதற்றத்தில் இன்ஜினை ஆஃப் செய்தேன். மறுபடி சாவியைத் திருப்பினேன். 'க்ளிக்' கூட இல்லை.

அவ்வளவுதான். ஓ.டி.யில் கூட்டம் சேருவதற்கு இது போதும்.

"ஃபாரின் வண்டிபா!"

"பேட்டரி டவுன் சார். தள்ளுனா ஓடிடும்."

"ஏ... எல்லாம் வாங்கப்பா... ஐலசா!"

எட்டுப் பேர் தள்ளினார்கள். டீக்கடை மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து தள்ளினார். பெரியம்மா உள்ளே உட்கார்ந்தபடியே முன் சீட்டைத் தள்ளினாள். நூறடி போனோம். ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியை ஆவடி வரைக்கும் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது என்பது பிறகு தெரிந்துகொண்டது.

அடுத்து வந்தார் ஒரு மெக்கானிக். பானெட்டைத் திறந்தார். ஒரு பெருமூச்சு விட்டார். டாக்டரும் மெக்கானிக்கும் பெருமூச்சு விட்டால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கியர்பாக்ஸ் போச்சு ஸார். இறக்கணும். புதுப்பேட்டையில செகண்ட்ஹேண்ட் கெடச்சாலே அறுபதாயிரம் ஆவும். பேசாம இப்படியே குடுத்துடுங்க. பார்ட்டி இருக்குது. நாப்பதுக்கு முடிச்சுத் தரேன்."

மஞ்சள் போர்டு பூத்தில் ஒரு ரூபாயைப் போட்டு மாமாவுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"உங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலியே மாப்ளே?"

"இல்ல மாமா."

"அப்ப சரி... வித்துடு. எவ்வளவு வந்தாலும் சரி."

இருபத்திரண்டு வருஷ வெயில் நாற்பதாயிரத்துக்கு முடிந்தது. ரிசீவரை வைத்தபோது என் கை நடுங்கியது. பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை பூத் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வது நன்றாகவா இருக்கும்? முகம் கழுவுகிற மாதிரி நடித்தேன்.

இதற்குள் பெரியம்மா தன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கைலி, தோளில் துண்டு, கையில் பாதி படித்த தினத்தந்தி. ஆவடி டாங்க் பாக்டரியில் ஃபிட்டர்.

வந்தவர் பானெட் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். டி-யில் இருந்த லிவரை பி-க்குத் தள்ளினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது.

"பி-யிலயோ என்-லயோ இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆவும் தம்பி. கியர்ல போட்டுட்டு சாவியைத் திருப்புனா எப்படி? லாரியில கட்டி இழுத்தீங்களா?"

"இல்லண்ணே. தள்ளினோம்."

"பொழச்சீங்க. உள்ள ஒரு ஆயில் பம்ப் இருக்கு. இன்ஜின் ஓடுனாத்தான் அது ஓடும். இன்ஜினை நிறுத்திட்டு முன் சக்கரம் தரையில உருள இழுத்துட்டுப் போனா, உள்ள எண்ணெயே போகாம எல்லாம் தேய்ஞ்சுடும். இழுக்கறதுன்னா முன் சக்கரத்தைத் தூக்கி வச்சுத்தான் இழுக்கணும்."

பிறகு ஆயில் கம்பியை உருவினார். இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, லிவரை எல்லா இடத்துக்கும் ஒரு தரம் கொண்டுபோய் மறுபடி பி-யில் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டுமாம். துண்டில் துடைத்தார், முகர்ந்தார். "நல்ல சிவப்பா இருக்கு. கருகின வாசனை இல்ல. கிளட்ச் தகடு எரிஞ்சிருந்தா எண்ணெய் பழுப்பாகி தீய்ஞ்ச நாத்தம் அடிக்கும். கியர்பாக்ஸ் போவலை தம்பி. வேற என்னமோ. புக் இருக்கா?"

இருந்தது! மாமா கப்பல் பட்டறைக்காரர் இல்லையா? சர்வீஸ் புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு டேஷ்போர்டுக்குள் வைத்திருந்தார். அதுவரை வந்த அத்தனை நிபுணர்களில் புத்தகத்தைக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

பக்கத்தைப் புரட்டியபடியே எங்களுக்குப் பாடமும் எடுத்தார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் நடுவில் சூரியன் மாதிரி ஒரு பல்சக்கரம், சுற்றிலும் கிரகங்கள் மாதிரி சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். எதை ஓடவிட்டு எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து கியர் மாறும். பிடித்து நிறுத்துவது எண்ணெய் அழுத்தம். அந்த எண்ணெய்க்கு வழி விடுவதும் அடைப்பதும் சாலினாய்டு என்கிற சின்ன மின்சாரக் குழாய்த் திறப்பு. அதற்கு உத்தரவு போடுவது கம்ப்யூட்டர்.

"எங்க விஜயந்தா டாங்க்லயே இந்தக் கிரகச் சக்கரம்தான் தம்பி. என்ன, அதை மிதிச்சா செவுரு இடியும். இதை மிதிச்சா ஹாரன் அடிப்பான்."

அது சும்மா சொன்னதில்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது 1965-ல். அப்புறம் ரஷ்யாவின் டி-72-ஐ அஜேயா என்ற பெயரில் செய்தார்கள். பக்கத்திலேயே ராணுவ ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 58 டன் அர்ஜுனுக்கு இன்ஜினும் கியர்பாக்ஸும் ஜெர்மனியிலிருந்து வந்தவை. இறக்குமதி கியர்பாக்ஸைப் பார்த்து பயப்படாத ஆள் வேண்டுமென்றால் ஆவடிக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். நமக்கு அவர் கைலியோடு பக்கத்து வீட்டிலேயே இருந்தார். உள்ளே நடப்பதைப் பற்றி மேலே கேட்டதற்கு, "அதெல்லாம் ரகசியம்" என்று தினத்தந்தியை மடித்துவிட்டார்.

பானெட்டுக்குள் ஒரு கறுப்புக் குட்டிப் பெட்டி. மூடியைத் திறந்தால் வரிசையாக ஓட்டைகள். புத்தகத்தில் சொன்ன இரண்டு ஓட்டைகளை ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்ய வேண்டும். விளக்கு எத்தனை தரம் சிமிட்டுகிறது என்று எண்ண வேண்டும். அதுதான் கோளாறின் நம்பர்.

"கம்பி எங்கே?"

பெரியம்மா வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள்.

விளக்கு சிமிட்டியது. ஃபிட்டர் எண்ணினார். கூடவே அப்பா எண்ணினார். டீ மாஸ்டர் எண்ணினார். கடைசியில் ஓ.டி.யே கோரஸாக எண்ணியது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... ஆறு..."

சின்ன இடைவெளி.

"ஒண்ணு... ரெண்டு..."

நீண்ட இடைவெளி. மறுபடி ஆறு. மறுபடி ரெண்டு.

"அறுபத்திரண்டு!" என்றார் ஃபிட்டர்.

கூட்டத்தில் நின்ற தபால்காரர் ஒருவர் உடனே சொன்னார். "மெட்ராஸ் அறுபத்திரண்டா? திருமுல்லைவாயில் ஸார்!"

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கொடியிடை அம்மன் கூப்பிடறாடா!"

புத்தகத்தில் 62-க்கு நேரே, முதல் சாலினாய்டின் மின்சுற்றில் கோளாறு என்று இருந்தது. மெக்கானிக் விடவில்லை. "நான்தான் சொன்னேனே ஸார், சாலினாய்டு போச்சு. கியர்பாக்ஸை இறக்கித்தான் மாத்தணும்."

அப்போது ஃபிட்டர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"தபால்காரர் சரியாத்தான் சொன்னாரு. கோடுங்கறது பின்கோடு மாதிரி. ஏரியாவைச் சொல்லும். கதவு நம்பரைச் சொல்லாது. நாமதான் தெருத்தெருவாப் போய்த் தட்டணும். சாலினாய்டு ஒரு வீடு. அதுக்குப் போற ஒயர் ஒரு வீடு. நடுவுல கனெக்டர் ஒரு வீடு. கம்ப்யூட்டர் ஒரு வீடு. முதல் வீட்டுக்காரனையே திருடன்னு பிடிச்சுட்டுப் போனா எப்படி?"

வீட்டிலிருந்து மல்டிமீட்டர் வந்தது. கியர்பாக்ஸ் மேல் இருந்த கனெக்டரைப் பிரித்து, சாலினாய்டு பக்கம் வைத்தார். பதின்மூன்று ஓம்ஸ். புத்தகம் 11 முதல் 15 வரை சரி என்றது. சாலினாய்டு நிரபராதி! கனெக்டரின் மறுபக்கத்தைத் திருப்பினார். ஒரு முனை பாசி பிடித்த குளம் மாதிரி பச்சையாக இருந்தது. பேட்டரிக்குக் கீழேயே இருந்து, ஆசிட் ஆவியும் மழை ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்றுவிட்டிருந்தன. லேசாக இழுத்தார். ஒயர் கையோடு வந்தது.

அறுபதாயிரம் ரூபாய்க் கோளாறு, அரை அங்குல ஒயர்!

வெட்டி, சுரண்டி, புது ஒயர் சேர்த்து டேப் சுற்றினார். கம்ப்யூட்டர் பழைய புகாரை மறக்க, புத்தகத்தில் சொன்ன ஃபியூஸைப் பத்து விநாடி உருவிவிட்டு மறுபடி செருகினார். ஸ்டார்ட் செய்தேன். விளக்கு இல்லை. கார், சம்பள தினத்தில் ஆபீஸ் போகிற என்னைப்போல் பாய்ந்தது. மொத்தச் செலவு: பதினான்கு டீ, பதினான்கு போண்டா. ஃபிட்டர் பணம் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

மறுபடி ஒரு ரூபாய். மறுபடி பூத். "விக்கலை மாமா" என்றேன். இந்தத் தடவையும் அந்தப் பக்கம் சத்தமில்லை. ஆனால் இது வேறு மாதிரி சத்தமில்லாமை.

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் கருவறை முன்னால் இரண்டு வெள்ளெருக்கந் தூண்களைக் காட்டுவார்கள். நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும். தொண்டைமானுக்குப் போரில் துணையாகப் புறப்படத் திரும்பிய கோலம் என்று கதை. எனக்கு அன்று ஃபிட்டர் ஞாபகம்தான் வந்தது. பேப்பரைப் பாதியில் மடித்துவிட்டுத் துணைக்கு வந்தவர் இல்லையா? அவர் பேருக்கும் ஓர் அர்ச்சனை செய்தோம்.

ஆவடி. 1955-ல் காங்கிரஸ் மகாநாடு கூடி, நாட்டுக்கே சோஷலிசப் பாணி சமுதாயம் என்று கியர் மாற்றிய ஊர். ராணுவத்துக்காக இங்கிலீஷில் வைத்த சுருக்கெழுத்துதான் 'ஆவடி' என்று யாராவது ஒருத்தர் உங்களிடம் சத்தியம் செய்வார். சிரித்துவிட்டுப் போய்விடுங்கள். பருத்திப்பட்டு, கரையான்சாவடி தாண்டினால் பூந்தமல்லி. பூவிருந்தவல்லி என்று வாய் நிறையச் சொல்ல வேண்டிய பெயர். திருக்கச்சி நம்பி பிறந்து, காஞ்சி வரதருக்குப் பூ வளர்த்த ஊர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பெண்ணுக்கு வைத்த பூ வாடியிருந்தது. இரண்டரை மணி நேரம் லேட். கேசரி ஆறியிருந்தது. பெண்ணின் அப்பா அதைவிட.

என் கையில் கிரீஸ். காரணம் சொல்லப்போய், அறுபத்திரண்டு, பின்கோடு, ஊக்கு என்று அரைமணி நேரம் பேசிவிட்டேன். கார் யாருடையது என்றும் உளறிவிட்டேன். 'லெட்டர் போடுகிறோம்' என்றார்கள். அந்தச் சம்பந்தம், ஒரு வார்னிங் லைட்கூட எரியாமல் அப்படியே நின்றுபோயிற்று.

போன மாதம் அதே சாலையில் அக்கா பையனோடு போனேன். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆவடி 2019-ல் தானே ஒரு மாநகராட்சி. டன்லப்பில் டயர் செய்வது நின்றுபோய், பஸ் ஸ்டாப்பிங்கில் பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஸ்டேட்டில் லேத் ஷெட்டுகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள். டாங்க் பாக்டரி 2021-ல் கம்பெனியாகிவிட்டது. அதே வருஷம் 118 புது அர்ஜுன்களுக்கு ஆர்டரும் வந்தது. கிளட்ச் மிதித்து முழங்கால் தேய்ந்த தலைமுறை போய், டிராஃபிக்கில் பாதிப் பேர் இடது காலுக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள்.

பையன் செகண்ட்ஹேண்டில் ஒரு இறக்குமதிக் கார் வாங்கியிருக்கிறான். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அவனுக்கு ஊக்கு தேவைப்படவில்லை. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி பதினாறு முனை பிளக் வைக்கச் சட்டம் போட்டார்கள். மற்ற நாடுகளும் பின்னாலேயே வந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அதில் தீப்பெட்டி அளவு கருவியைச் செருகினான். செல்போனில் நம்பர் வந்தது. பி0700, பி0750.

"முதல் நம்பர் சும்மா தகவல் மாமா. கியர் கம்ப்யூட்டர் புகார் பண்ணியிருக்குன்னு அர்த்தம். ரெண்டாவதுதான் மேட்டர். ஷிஃப்ட் சாலினாய்டு ஏ. ஆன்லைன்ல பதினெட்டாயிரம். ஆர்டர் போட்டுடட்டுமா?"

முப்பது வருஷம் கழித்து, அதே முதல் சாலினாய்டு!

"போடாதே. எண்ணெயைப் பாரு. கனெக்டரைக் கழட்டிப் பாரு. ஒயரைத் தடவிப் பாரு" என்றேன். பார்த்தான். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் எலி ராத்திரி டிபன் சாப்பிட்டுப் போயிருந்தது. பையன் என்னை எஞ்சினீயர் மாதிரிப் பார்த்தான். நான் அக்கவுண்ட்ஸில் ரிட்டையர் ஆனவன் என்பதை ஞாபகப்படுத்தவில்லை.

அந்தக் காரை மாமா 2008 வரைக்கும் ஓட்டினார். மழைக்காலம் முடிந்தால் அந்தக் கனெக்டரைக் கழற்றித் துடைப்பது அவருக்கு ஒரு பூஜை. கடைசியில் அதைக் கொடுக்கும்போது டேஷ்போர்டைக் காலி செய்தேன். சர்வீஸ் புத்தகம், அறுபத்திரண்டாம் நம்பர் பக்கத்தில் மடிப்பு. மடிப்புக்குள் துருப்பிடித்த ஊக்கு.

அதை இன்னும் வைத்திருக்கிறேன். எண்பத்தைந்து வயசு பெரியம்மா, பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்:

"டேய், என் ஊக்கை எப்படா திருப்பித் தருவே?"